மோட்டார் புல்லிக்கும் விசிறிக்கும் டேப்பர் லாக் போடலாமா?

நூற்பாலை ஒன்றில் பராமரிப்பு பார்க்கும் நண்பரின் கேள்வி இது: "15 கிலோவாட் மோட்டார், 1460 சுற்று, ஷாஃப்ட் 42 மி.மீ. அதில் நேர்த்துளை போட்ட மூன்று காடி எஸ்.பி.பி. (வி-பெல்ட்டின் ஓர் அளவு) புல்லி. கீ (புல்லியையும் ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் சின்ன இரும்புத் துண்டு) அடிக்கடி தளர்கிறது. புல்லர் போட்டுக் கழற்ற அரை நாள் போகிறது. போன முறை புல்லியின் விளிம்பே உடைந்துவிட்டது. கடைக்காரர் டேப்பர் லாக் போடச் சொல்கிறார். அது உராய்வில் மட்டும் நிற்குமா, கீயும் வேண்டுமா? இந்த மோட்டார் ஓட்டுகிற விசிறியின் இம்பெல்லர் (சுழலும் இறக்கைச் சக்கரம்) பாஸும், அதாவது ஷாஃப்ட் நுழையும் நடுப்பகுதியும், உள்ளே தேய்ந்துவிட்டது. அதற்கும் இதே மாதிரி ஹப் வைத்து வெல்டிங் செய்யலாமா?"

டேப்பர் லாக் என்பது சரிவான ஒரு புஷ்ஷை இறுக்கிப் புல்லியை ஷாஃப்டில் கவ்வவைக்கும் முறை. இரண்டு இடத்திலும் போடலாம். ஆனால் டேப்பர் லாக் போட்ட பிறகும் கீ தளர்கிறது, புல்லியின் நடுப்பகுதியான ஹப் வெடிக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் நேர்த்துளைப் புல்லியை மாட்டிய பழக்கத்திலேயே இதையும் மாட்டியவர்கள். அதனால் இது எப்படிப் பிடிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டும் முறை அதிலிருந்தே வந்துவிடும்.

உங்கள் பழைய புல்லி ஏன் தொல்லை தருகிறது என்று பாருங்கள். 42 மி.மீ. மோட்டார் ஷாஃப்டை கே6 அளவுக்குக் கடைந்து அனுப்புவார்கள், அதாவது 42.002 முதல் 42.018 மி.மீ. வரை. புல்லித் துளை எச்7 அளவில், 42.000 முதல் 42.025-க்குள் இருந்தால்தான் பொருத்தம் சரியாக அமையும். அப்படிப் பொருந்தினால் பெரும்பாலும் கையால் தள்ளி ஏற்ற முடியாது. சுத்தியால் அடித்து ஏற்றினால் ஒவ்வொரு அடியும் ஷாஃப்ட் வழியாகப் பேரிங் குண்டுகளுக்குப் போய், அவை ஓடும் தடத்தில் சின்னச் சின்னக் குழி விழும். சில மாதங்களில் மோட்டார் இரையத் தொடங்கும். யாரும் அதற்குப் புல்லி மாட்டிய நாளைக் குறை சொல்வதில்லை. சரி, சுலபமாக ஏறட்டும் என்று பட்டறையில் ஐந்து பாயின்ட் (0.05 மி.மீ.) கூடுதலாகக் கடைந்து கொடுத்தால் வேறு தொல்லை. மோட்டார் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் புல்லி அந்த இடைவெளிக்குள் அசைந்து கீயின் பக்கவாட்டில் மோதும். கீ உட்காரும் காடியான கீவே அகலும். ஷாஃப்டும் புல்லியும் சேருமிடத்தில் செங்கல் நிறத்தில் பொடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு இரும்போடு நுணுக்கமாக உரசி, தேய்ந்து, ஆக்சைடாகும் பொடி அது. அதைப் பார்த்தால் உள்ளே ஆட்டம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

டேப்பர் லாக்கில் புல்லியின் துளை சரிவாக இருக்கும். அதற்குள் வெளிப்பக்கம் அதே சரிவும் உள்பக்கம் நேர்த்துளையும் கொண்ட புஷ் உட்காரும். புஷ்ஷில் நீளவாக்கில் ஒரு வெட்டு உண்டு. புஷ் ஹப்புக்குள் தள்ளப்படும்போது சரிவு அதை நெருக்கும், அந்த வெட்டு கொஞ்சம் மூடும், புஷ் சுற்றிலும் ஷாஃப்டைக் கவ்வும். கோடாலிக் காம்பில் ஆப்பு இறுக்குவது போலத்தான், இங்கே ஆப்பு வட்டமாக இருக்கிறது. ஷாஃப்டில் தளர்வாக ஏறி, இறுக்கிய பிறகு அடித்து ஏற்றிய புல்லியைவிட இறுக்கமாக நிற்பது இதனால்தான். ஷாஃப்ட் ஓரிரு பாயின்ட் தேய்ந்திருந்தாலும் புஷ் அதைச் சமாளித்துக்கொள்ளும்.

தள்ளுகிற வேலையைச் செய்வது ஸ்க்ரூக்கள். அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவரின் மூளையை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன். புஷ்ஷும் ஹப்பும் சேரும் கோட்டின் மேலேயே மூன்று துளைகள் இருக்கும்; ஒவ்வொன்றிலும் பாதி புஷ்ஷில், பாதி ஹப்பில். இரண்டு துளைகளில் ஹப் பக்கப் பாதியில் மட்டும் மரை இருக்கும், புஷ் பக்கம் மரை இல்லாமல் அடிப்பகுதி மூடியிருக்கும். அதில் தலையில்லாத கிரப் ஸ்க்ரூவைத் திருகினால், அது ஹப்பின் மரையைப் பிடித்துக்கொண்டு முன்னேறி, புஷ்ஷின் மூடிய அடியில் முட்டி, அதை உள்ளே தள்ளும். மூன்றாவது துளையில் இது தலைகீழ்: மரை புஷ்ஷில், மூடிய அடி ஹப்பில். அதே ஸ்க்ரூவை அங்கே போட்டுத் திருகினால் புஷ் வெளியே வரும். மாட்டவும் கழற்றவும் ஒரே ஸ்க்ரூ, ஒரே ஆலன் கீ. பெரிய அளவுகளில் கிரப் ஸ்க்ரூவுக்குப் பதில் தலையுள்ள கேப் ஸ்க்ரூ வரும், கொள்கை மாறாது.

கழற்ற ஏன் தனித் துளை தேவைப்படுகிறது என்றால், இந்தச் சரிவின் முழுக்கோணம் 8 டிகிரி, அதாவது ஒரு பக்கத்துக்கு 4 டிகிரி. உலர்ந்த இரும்புப் பரப்புகளுக்கு உராய்வு எண்ணை 0.15 என்று வைத்தால் உராய்வுக் கோணம் ஏறத்தாழ எட்டரை டிகிரி. சரிவு அதைவிடக் குறைவாக இருப்பதால், ஸ்க்ரூவைக் கழற்றிய பிறகும் புஷ் தானாக வெளியே வராது. ஸ்க்ரூ தளர்ந்ததும் புல்லி பறந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இது ஆறுதல். ஆனால் இதை நம்பி ஸ்க்ரூவை அரைகுறையாக இறுக்கவும் கூடாது. எவ்வளவு ஆழம் தள்ளினோமோ அவ்வளவுதான் பிடி.

எவ்வளவு பிடி என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் புல்லி 200 மி.மீ. அளவில் இருந்தால் அதற்கு வழக்கமாக வருவது 2517 புஷ். அதன் இரண்டு ஸ்க்ரூக்களையும் 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கச் சொல்கிறார்கள். அரை அங்குல ஸ்க்ரூ அந்த இறுக்கத்தில் தலா 2 டன் அளவுக்குத் தள்ளும். இரண்டும் சேர்ந்து 4 டன். 4 டிகிரிச் சரிவும் உராய்வும் சேர்ந்து அதைச் சுற்றுவட்ட அழுத்தமாக மாற்றும்போது அது சுமார் 18 டன். 42 மி.மீ. ஷாஃப்டில் அந்த அழுத்தம் உராய்வால் மட்டும் தாங்கக்கூடிய முறுக்கு ஏறத்தாழ 550 நியூட்டன் மீட்டர். புஷ்ஷை நெருக்குவதிலேயே கொஞ்சம் விசை செலவாகும் என்பதால் 400 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மோட்டார் தருவது எவ்வளவு? 9550-ஐ 15-ஆல் பெருக்கி 1460-ஆல் வகுத்தால் 98 நியூட்டன் மீட்டர். நேரடி ஸ்டார்ட்டரில் அது இரண்டரை மடங்கு வரை போனாலும் 245. ஆக, சரியாக இறுக்கினால் உராய்வே போதும், மிச்சமும் இருக்கிறது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். 6 மி.மீ. ஆலன் கீயின் நீளமான கை 10 செ.மீ.கூட இருக்காது. அதில் 50 நியூட்டன் மீட்டர் வர வேண்டுமென்றால் அதன் நுனியில் 50 கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். ஆலன் கீயை விரல்களால் பிடித்து "நல்லா டைட் பண்ணிட்டேன்" என்று சொல்லும் ஃபிட்டர் தருவது 15 நியூட்டன் மீட்டர் இருந்தால் பெரிது. பிடி அதே விகிதத்தில் 120-க்கு இறங்கிவிடும். ஓடும்போது தாங்கும், ஸ்டார்ட் ஆகும்போது 245 வருகிறதே, அதைத் தாங்காது. அப்போது ஷாஃப்ட் வழுக்கி, சுமை கீயின் மேல் விழும். டேப்பர் லாக்கிலும் கீ தளர்கிறது என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன என்பது என் கருத்து. அதனால் டார்க் ரெஞ்சும் அதில் மாட்டும் ஆலன் பிட்டும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஒரு புல்லியின் விலையில் நல்ல டார்க் ரெஞ்சே வாங்கிவிடலாம்.

மிச்சப் புகார்கள் பெரும்பாலும் எண்ணெயால் வருபவை. கழற்றும்போது சுலபமாக வரட்டும் என்று சரிவில் கிரீஸ் தடவுகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் விளைவு கொடியது. மேலே போட்ட அதே கணக்கில் உராய்வு எண்ணை 0.15-க்குப் பதில் 0.08 என்று மாற்றிப் பாருங்கள். அதே 50 நியூட்டன் மீட்டரில் புஷ் இன்னும் ஆழமாக இறங்கி, ஹப்பை வெளிநோக்கிப் பிளக்கும் அழுத்தம் 18 டன்னிலிருந்து 26 டன் ஆகிவிடும். பிடியாவது கூடுகிறதா என்றால், ஷாஃப்டிலும் எண்ணெய் இருப்பதால் 550 இருந்த இடத்தில் 440 என்று குறைகிறது. அதாவது பிடிப்பது குறைந்து, பிளப்பது கூடும். ஹப் வார்ப்பிரும்பு. அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் திடீரென்று விட்டுவிடும். கீவே மூலையிலிருந்தோ ஸ்க்ரூ துளையிலிருந்தோ விரிசல் கிளம்பிவிட்டால் அந்தப் புல்லியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எண்ணெய் தொட வேண்டிய இடம் ஸ்க்ரூவின் மரையும் முனையும் மட்டும், அதுவும் ஒரு சொட்டு. புஷ்ஷின் உள்ளும் புறமும், ஹப்பின் துளை, ஷாஃப்ட் எல்லாம் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். புது புஷ் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசித்தான் வரும். அதைத் தின்னர் வைத்துத் துடைத்த பிறகே கையில் எடுங்கள்.

கீ வேண்டுமா என்றால், போடுங்கள். அளவு அட்டவணையில் உள்ள முழு முறுக்குத் திறனுக்குக் கீயையும் சேர்த்தே கணக்கு வைக்கிறார்கள். நெரிப்பான், கிரஷர் மாதிரி அதிர்ச்சிச் சுமை வரும் இடத்தில் அது கட்டாயம். விசிறிக்கு அது காப்பு. ஆனால் கீயின் பக்கவாட்டுகள் கீவேயில் ஒட்டி உட்கார வேண்டும், மேலே மட்டும் ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். மேலே முட்டுகிற கீ இருந்தால் புஷ் வட்டமாக நெருங்காது, ஒரு பக்கம் தூக்கி நிற்கும், புல்லி தள்ளாடும். உங்கள் ஷாஃப்டுக்கு 12 மி.மீ. அகலமும் 8 மி.மீ. உயரமும் உள்ள கீ. பழைய கீ நசுங்கியிருந்தால் அதை அரம் போட்டுத் தேய்த்துப் பயன்படுத்தாமல் புதிது போடுங்கள். கீவேயே அகன்றிருந்தால் ஷாஃப்டைச் சரி செய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மாட்டும் வரிசை இது. மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி, அட்டை தொங்கவிட்டாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். ஷாஃப்டில் பழைய ஸ்க்ரூ குத்திய பிசிறு இருந்தால் எண்ணெய்க் கல்லால் நீவிவிட்டு மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். ஆறு பாயின்ட் வரை குறைந்திருந்தால் நான் போட விடுவேன். அதற்கு மேல் தேய்ந்த ஷாஃப்டில் புஷ்ஷின் வெட்டு முழுக்க மூடிவிடும் வாய்ப்பு உண்டு. மூடிய பிறகு எவ்வளவு திருகினாலும் ஷாஃப்டுக்குப் பிடி போகாது, ஹப் மட்டும் வெடிக்கும். தகர டப்பாவை வெட்டிச் சுற்றி ஈடு கட்டுவது பல இடங்களில் நடக்கிறது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். தகடு ஒரே மாதிரி நெருங்காது, ஒரு வாரத்தில் சுருண்டு வெளியே வரும்.

புஷ்ஷை ஹப்பில் வைத்து, பாதித் துளைகள் சேர்ந்து முழு வட்டமாகும்படி திருப்புங்கள். மரை உள்ள பாதியும் மரை இல்லாத பாதியும்தான் ஜோடி. இரண்டு பக்கமும் மரை தெரிந்தால் அல்லது இரண்டு பக்கமும் தெரியாவிட்டால் தவறாக வைத்திருக்கிறீர்கள். ஸ்க்ரூக்களை விரலால் ஏற்றி, இரண்டையும் சேர்த்து ஷாஃப்டில் நுழையுங்கள். நுழைய மறுத்தால் வெட்டில் ஸ்க்ரூடிரைவர் வைத்து லேசாக விரித்தால் போதும். புஷ்ஷின் முழு நீளமும் ஷாஃப்டின் மேல் இருக்க வேண்டும். இந்த மோட்டாரின் ஷாஃப்ட் 110 மி.மீ. நீளம், புஷ் 45 மி.மீ. தான், ஆகவே நுனியில் தொங்கவிடாமல் பேரிங் பக்கம் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். பெல்ட் இழுவை பேரிங்கிலிருந்து தள்ளிப்போகப் போக அதன் ஆயுள் குறையும்.

பிறகு இரண்டு ஸ்க்ரூக்களையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 50 வந்ததும் நின்றுவிடாதீர்கள். புஷ்ஷின் பெரிய முகத்தில் ஒரு பித்தளைத் துண்டையோ குழாய்த் துண்டையோ வைத்து மெதுவாகத் தட்டினால் அது இன்னும் கொஞ்சம் உட்காரும். மறுபடி ரெஞ்ச் போட்டால் ஸ்க்ரூ கால் சுற்றாவது நகரும். தட்டு, இறுக்கு என்று ஓரிரு முறை செய்தால் ரெஞ்ச் 50-இல் நகராமல் கிளிக் ஆகும். தட்டுவது என்றால் தட்டுவதுதான், பேரிங் நினைவிருக்கட்டும். இறுக்கும்போது புஷ்ஷுக்கும் ஹப்புக்கும் இடையே நகர்வு இருப்பதால் புல்லி ஒரு மயிரிழை இடம் மாறும். அதனால் நூல் கட்டி இரண்டு புல்லிகளின் நேர்க்கோட்டைப் பார்ப்பது இறுக்கிய பிறகுதான். கடைசியாகக் காலியாக இருக்கும் மூன்றாவது துளையில் கிரீஸ் அடைத்து வையுங்கள். பஞ்சுத் தூசு பறக்கும் இடத்தில் அந்தத் துளை அடைத்துக்கொண்டால் கழற்றும் நாளில் கஷ்டப்படுவீர்கள். அரை மணி, ஒரு மணி நேரம் சுமையோடு ஓட்டிவிட்டு நிறுத்தி, டார்க்கை மறுபடி பார்க்க வேண்டும். இதை ஏனோ எல்லோரும் மறக்கிறார்கள்.

கழற்றுவது ஐந்து நிமிட வேலை. இரண்டு ஸ்க்ரூக்களையும் வெளியே எடுத்துவிட்டு, ஒன்றின் மரையிலும் முனையிலும் எண்ணெய் தொட்டு மூன்றாவது துளையில் போட்டுத் திருகுங்கள். ஒரு 'டக்' சத்தத்தோடு புஷ் விடுபடும், புல்லி கையோடு வரும். மற்ற ஸ்க்ரூக்களைக் கழற்றாமல் மூன்றாவதைத் திருகினால் ஒன்று தள்ள, இன்னொன்று தடுக்க, மரைதான் போகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் சொல்கிறேன். 2517 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அதிகபட்சத் துளை 2.5 அங்குலம் என்பதையும் அடுத்த இரண்டு நீளம் 1.75 அங்குலம் என்பதையும் குறிக்கும். 1610 என்றால் சுமார் 1.6 அங்குலத் துளை, 1 அங்குல நீளம். 1610-லும் 42 மி.மீ. துளை கிடைக்கும், ஆனால் அது அந்த அளவின் கடைசி எல்லை, கீவேக்குப் போதிய சதை இருக்காது. எல்லை அளவைத் தொடாமல் அடுத்த அளவுக்குப் போவதே நல்லது. ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் பி.எஸ்.டபிள்யூ. அங்குல மரை. தொலைந்த ஸ்க்ரூவுக்குப் பதில் மெட்ரிக் மரையுள்ள எம்12 போட்டால் ஏறுவது போல ஏறி, இறுக்கும்போது மரையை அரித்துவிடும். புஷ்ஷோடு வந்த ஸ்க்ரூக்களைப் பத்திரமாக வைத்திருங்கள். மதுரையில் ஆலை உள்ள ஃபென்னரின் பெயர் பெல்ட்டுக்கு நம் ஊரில் எவ்வளவு பழக்கமோ, 'டேப்பர் லாக்' என்ற பெயரும் அப்படித்தான் எல்லாத் தயாரிப்புக்கும் பொதுப்பெயராக ஆகிவிட்டது. எண் ஒன்றாக இருந்தால் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் புஷ்ஷும் ஹப்பும் பொருந்தும் என்பது இதன் பெரிய வசதி.

அமெரிக்க இயந்திரம் ஏதாவது உங்கள் ஆலையில் இருந்தால் அதில் கியூ.டி. புஷ் இருக்கலாம். அதில் ஃபிளாஞ்ச் (வெளியே நீளும் வட்ட விளிம்பு) உண்டு, சரிவு அடிக்கு முக்கால் அங்குலம், அதாவது 1:16. போல்ட்டுகள் ஃபிளாஞ்ச் வழியாக ஹப்பை இழுத்துப் பிடிக்கும். இறுக்கிய பிறகும் ஃபிளாஞ்சுக்கும் ஹப்புக்கும் இடையே ஒரு சந்து தெரிய வேண்டும். அது மூடும்வரை இறுக்குவது பலருக்கு நேர்த்தியாகத் தோன்றுகிறது. ஃபிளாஞ்ச் முட்டிவிட்டால் ஷாஃப்டுக்குப் பிடி போகாது, ஃபிளாஞ்சும் உடையலாம்.

இனி விசிறி. இம்பெல்லருக்கு வெல்டிங் செய்வதற்கென்றே டேப்பர் ஹப்புகள் தனியாகக் கிடைக்கின்றன. அவை வெல்டிங்குக்கு ஏற்ற மைல்ட் ஸ்டீலில் கடைந்தவை, உள்ளே அதே டேப்பர் லாக் புஷ் உட்காரும். உடைந்த வார்ப்பிரும்புப் புல்லியின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து வெல்டிங் செய்யலாமே என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வார்ப்பிரும்பில் அந்த வெல்டிங் நிற்காது, விசிறி வேகத்தில் அது விட்டால் கேசிங்கையே கிழிக்கும். வெல்டிங்குக்குப் பதில் போல்ட் போட்டு மாட்டும் ஹப்பும் உண்டு. இம்பெல்லரின் பின்தகடு தடிமனாக இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். சூட்டில் சரிவுத் துளை கோணும் பயம் இல்லை.

வெல்டிங்தான் என்றால், தேய்ந்த பாஸை நீக்கி, பின்தகட்டின் துளையை லேத்தில் கடைந்து ஹப்பின் வெளிவிட்டத்துக்குச் சரியாகப் பொருத்துங்கள். முகம் சுற்றும்போது ஆடுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்த பிறகு நான்கு இடத்தில் டாக் (நகராமலிருக்கப் போடும் சிறு வெல்டிங்) போடுங்கள். பிறகு ஒரே மூச்சில் சுற்றி வராமல், எதிரெதிர்ப் பக்கங்களில் சிறு சிறு நீளமாக, சூடு ஆற விட்டு வெல்டிங் செய்ய வேண்டும். ஆறிய பிறகு புஷ்ஷின் வெளிச்சரிவில் நீல மை தடவி ஹப்பில் வைத்துப் பாருங்கள். மை சுற்றிலும் படிந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் படிந்தால் துளை முட்டையாகிவிட்டது, மறுபடி சரிவு கடைய வேண்டும். அதன் பிறகு இம்பெல்லரை பேலன்ஸ் செய்யாமல் மாட்டக் கூடாது. ஹப்பும் வெல்டிங்கும் எடையைக் கட்டாயம் மாற்றியிருக்கும். ஆலை விசிறிகளுக்கு வழக்கமான ஜி 6.3 தரத்துக்குச் செய்து தரச் சொல்லுங்கள். கீ போட்ட ஷாஃப்ட் என்பதை பேலன்ஸிங் பட்டறைக்குச் சொல்லிவிடுங்கள், அரைக் கீ வைத்துப் பார்ப்பார்கள். விசிறி ஷாஃப்டின் அளவையும் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ் தேய்ந்திருந்தால் ஷாஃப்டும் அந்த இடத்தில் தேய்ந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்; அதைக் கட்டிக் கடைவதா, புதிதாகப் போடுவதா என்று தெரிந்த பிறகே புஷ்ஷின் துளை அளவைக் கடைக்குச் சொல்லுங்கள்.